வடபழனி மொட்டை மாடியிலிருந்து நெபுலா: முடியுமா, முடியாதா?

கேள்வி, ஜனவரி 4, 2025

"சென்னைக்குள் இருந்துகொண்டு ஓரியன் நெபுலா எடுத்தேன், ரோசெட் நெபுலா எடுத்தேன் என்று படம் போடுகிறவர்கள் எல்லாரும் ஃபோட்டோஷாப்பில் வரைகிறார்களா? என் மாடியில் நின்றால் பத்து நட்சத்திரம் தெரிந்தாலே பெரிசு. வானம் கறுப்பாகக்கூட இல்லை, அழுக்குச் சாம்பலாக இருக்கிறது. இது நகரத்தில் நடக்கிற காரியமா, இல்லை ஏலகிரி பக்கம் வீடு பார்க்க வேண்டுமா?"

ஜனவரி 5

யாரும் வரைவதில்லை. நான் இருப்பது வடபழனி. ஒரு பக்கம் நூறடிச் சாலை, இன்னொரு பக்கம் மால். வானத்தின் இருட்டை அளக்க ஜான் போர்ட்டில் 2001-இல் ஒன்பது படி அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார். ஒன்று நல்ல இருட்டு, ஒன்பது நகர மையம். எங்கள் தெரு ஒன்பதிலேயே மோசமான ஒன்பது. ஆனாலும் நெபுலா, அதாவது விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசு மேகம், படத்தில் வருகிறது.

ஆனால் எல்லா நெபுலாவும் வராது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலப் புகையை எடுக்கப் போவார்கள், ஒன்றும் வராது, "சென்னையில் முடியாது" என்று கேமராவை மூட்டை கட்டிவிடுவார்கள். கார்த்திகையில் இருப்பது தூசு. நட்சத்திர ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்த ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கும், தெருவிளக்கு ஒளியிலும் அப்படித்தான். இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. ஓரியன், ரோசெட், கரீனா போன்றவை தாங்களே ஒளிரும் வாயு. நகரத்துக்காரர்கள் எடுக்க வேண்டியது அவற்றைத்தான்.

ஜனவரி 5, இரவு

மேலே சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. வாயு தானே ஒளிர்கிறது என்பதைக் கண்டுபிடித்ததே ஒரு நகரத்து வீட்டிலிருந்துதான். வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர் தென் லண்டனில் டல்ஸ் ஹில்லில் வீட்டோடு ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். 1864 ஆகஸ்டில் பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். வானவில் போல ஒரு பட்டை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் தனித்தனியாகச் சில கோடுகள்தான் இருந்தன. நட்சத்திரக் கூட்டமாக இருந்தால் அப்படி வராது, வாயுவாக இருந்தால்தான் வரும்.

அதில் ஒரு பச்சைக் கோடு எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 'நெபுலியம்' என்று புதுத் தனிமமே கற்பித்துக்கொண்டு அறுபது வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன்தான் அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்று விளக்கினார். 500.7 நானோமீட்டர். இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் ஃபில்டரில், அதாவது சில நிறங்களை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியில், 'ஓ மூன்று' என்று எழுதியிருப்பது அந்தக் கோட்டைத்தான். இன்னொரு முக்கியமான கோடு ஹைட்ரஜன் ஆல்ஃபா, 656.3 நானோமீட்டர், நல்ல சிவப்பு.

ஜனவரி 6

"பின்னணி வெளிச்சத்தைச் சாஃப்ட்வேரில் கழித்துவிட்டால் போதாதா, ஃபில்டர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. பதிலைக் கணக்காகவே சொல்கிறேன்.

சென்சாரில் விழும் ஒளியை எலக்ட்ரான் கணக்கில் எண்ணுவார்கள். ஒரு பிக்சலில், ஒரு ஃபிரேமில் (ஒரு தடவை எடுக்கும் படத்தில்), வானத்து வெளிச்சம் 900 எலக்ட்ரான் தருகிறது, நெபுலா 30 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 900-ஐக் கழிக்கலாம், தடையே இல்லை. ஆனால் ஒளி சீராக வந்து விழுவதில்லை. 900 என்பது சராசரி. ஒவ்வொரு முறையும் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 30 அளவுக்கு, ஏறும் இறங்கும். சராசரியைக் கழிக்கலாம், அந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. நெபுலாவும் 30, ஆட்டமும் 30. படத்தில் மணல் தூவியதுபோலத் தெரிவது இதுதான்.

நூறு ஃபிரேம் எடுத்துச் சேர்த்தால் நெபுலா நூறு மடங்கு கூடும், ஆட்டம் பத்து மடங்குதான் கூடும். ஆக, நிலைமை பத்து மடங்கு தேறும். ஸ்டாக்கிங் என்பது இவ்வளவுதான், மந்திரம் எதுவும் இல்லை.

இப்போது முன்பு சொன்ன இரண்டு கோட்டையும் சுற்றி 7 நானோமீட்டர் அகலத்தில் இரண்டு ஜன்னல் மட்டும் திறந்த ஃபில்டர் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 300 நானோமீட்டர் அகலம், அதில் 14 மட்டும் உள்ளே வருகிறது. 900 ஏறக்குறைய 45-ஆக இறங்கிவிடும். நெபுலாவின் 30 கோடுகளில் இருப்பதால் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். இரண்டும் சேர்ந்து 75, அதன் வர்க்கமூலம் எட்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. 30-க்கு எட்டே முக்கால் என்றால் மூன்றரை மடங்கு தெளிவு. ஃபில்டர் இல்லாமல் அதே தெளிவு வேண்டுமானால் பன்னிரண்டு மடங்கு நேரம் மாடியில் உட்கார வேண்டும்.

ஏலகிரி வீட்டு வாடகையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 9

ஃபில்டர் வாங்குகிறவர்களுக்கு. 'லைட் பொல்யூஷன் ஃபில்டர்' என்று பொதுப்படையாகப் பெயர் போட்டுப் பழையதாக மலிவில் வருவதை வாங்காதீர்கள். அவை மஞ்சள் சோடியம் விளக்குக் காலத்துச் சரக்கு. சோடியம் 589-ஐ ஒட்டித்தான் கொட்டும், பாதரச விளக்கு 546, 436 என்று சில இடங்களில். அந்த இடங்களை மட்டும் அடைத்தால் அன்றைக்குப் போதும். இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. அது 450-ஐ ஒட்டி நீலத்தில் ஒரு மேடு, அப்புறம் சிவப்பு வரைக்கும் பரந்து கிடக்கிறது. எதை அடைப்பீர்கள்? அதனால் இன்றைக்கு வழி தலைகீழ். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வேண்டிய இரண்டு கோட்டை மட்டும் திறக்க வேண்டும். 'டூயல் நேரோபேண்ட்' என்று கேளுங்கள்.

கொஞ்ச நாள் முன்பு எங்கள் தெருவில் மாட்டிய எல்இடி ஒன்று என் மாடியைத்தான் குறி வைத்து எரிகிறது. தண்ணீர்த் தொட்டி நிழலில் ட்ரைபாடைக் கொண்டுபோய் வைத்தேன், சரியாகிவிட்டது. மோட்டார் போடும் நேரம் மட்டும் தொட்டிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நட்சத்திரம் எல்லாம் இரட்டை இரட்டையாக வரும்.

ஜனவரி 13

போகி. காலையிலிருந்து புகை. இன்று கேமராவை வெளியே எடுப்பவருக்குப் பரிசு தரலாம்.

புகை இல்லாவிட்டாலும் இன்று பயனில்லை. மார்கழிப் பௌர்ணமி நிலவு எப்போதும் திருவாதிரைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும், ஆருத்ரா தரிசனம் அன்றைக்கு வருவதே அதனால்தான். ஓரியன் நெபுலா அதே வட்டாரம். சிவனுக்கு உகந்த இரவு, நமக்கு ஆகாத இரவு. இதேபோலக் கார்த்திகைப் பௌர்ணமி அன்று நிலவு கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கத்தில். நம் மாதப் பெயர்களே ஒரு வானியல் பஞ்சாங்கம், எந்தப் பௌர்ணமியில் எதை எடுக்க முடியாது என்று பெயரிலேயே இருக்கிறது.

ஜனவரி 19

கேள்வி கேட்டவர் கல்லூரி மாணவராம், கையில் சாதாரண டிஎஸ்எல்ஆரும் 50 மி.மீ. லென்ஸும் மட்டும்தான் இருக்கிறதாம். தம்பி, அது போதும். முதல் படத்துக்கு ஃபில்டரும் வேண்டாம், வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கரும் வேண்டாம்.

ஏழரை மணிக்குக் கிழக்கே பாருங்கள். நம் ஊரில் ஓரியன் படுத்தபடிதான் எழுந்து வரும். இடுப்பின் மூன்று நட்சத்திரமும் அடுக்கி வைத்தது போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும். அதற்கு இடது பக்கம் சிவப்பாகத் திருவாதிரை. வலது பக்கம், தெற்கே, மங்கலாகச் சிறு வரிசை. அதன் நடுப்புள்ளிதான் நெபுலா. மெஸ்ஸியே பட்டியலில் எம்42, தூரம் சுமார் 1,340 ஒளியாண்டு.

துளை எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, எக்ஸ்போஷர் 4 நொடி. ஃபோகஸைத் தானியங்கியில் விடாதீர்கள். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, கையால் திருகி, ஊசிமுனை ஆனதும் டேப் ஒட்டிவிடுங்கள். ரா ஃபார்மேட். இருநூறு, முந்நூறு ஃபிரேம் எடுத்துத் தள்ளுங்கள். அப்புறம் லென்ஸ் மூடியைப் போட்டு அதே எக்ஸ்போஷரில் கொஞ்சம் டார்க் ஃபிரேம், அதாவது சென்சாரின் சொந்தக் கசிவை மட்டும் காட்டும் இருட்டுப் படம்; அதைப் பிறகு கழித்துவிடலாம். சிரில் இலவச மென்பொருள், அதில் சேர்த்தால் நடுவில் சிவப்புத் திட்டு ஒன்று நிச்சயம் வரும்.

ஜனவரி 26

தம்பியின் படம் வந்துவிட்டது. சின்ன இளஞ்சிவப்புப் பொட்டு, சுற்றிலும் காவிக் கறை. கறை அவர் குற்றம் இல்லை, கோடம்பாக்கம் பக்கத்து வெளிச்சம். கிராக்ஸ்பெர்ட் என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு, அந்தச் சாய்வான வெளிச்சத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிடும். பொட்டு பொட்டாகத்தான் இருக்கும், ஆனால் வானம் கறுப்பாகும்.

"நான் எடுத்த படம் என்று அம்மாவே நம்பவில்லை" என்று எழுதியிருக்கிறார். என் வீட்டில் வேறு கதை. எதிர் பிளாட்டுக்காரர் ஒரு தடவை வந்து, "சார், எங்க பெட்ரூம் பக்கமா திருப்பாதீங்க" என்றார். கூப்பிட்டுத் திரையில் வியாழனைக் காட்டினேன். இப்போது அவர் வீட்டுப் பால்கனி விளக்கை எனக்காக அணைத்துவைக்கிறார். கண்காணிப்பு கேமராவை விடப் பலகாரம் நல்ல பாதுகாப்பு என்பது என் அனுபவம். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஜனவரி 30

டிராக்கர் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்ய முடியாது. டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் குறி வைக்க வேண்டும். அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். நமக்கு 13 பாகை உயரத்தில், அடிவானத்தை ஒட்டி. என் வடக்குப் பக்கம் ஐந்து மாடிக் கட்டடம். துருவ நட்சத்திரத்தை என் மாடியிலிருந்து நான் பார்த்ததே கிடையாது.

ஃபோன் காம்பஸை வைத்துச் சரி செய்யலாம் என்பார்கள். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதுவரை நல்லது. ஆனால் மொட்டை மாடித் தளத்துக்குள் இருப்பது முழுக்க இரும்புக் கம்பி. ஃபோனைத் தரையில் வைத்தால் ஒரு வடக்கு, இடுப்பு உயரத்தில் பிடித்தால் இன்னொரு வடக்கு. லேப்டாப் இருந்தால் நினா மென்பொருளில் மூன்று இடத்தைப் படமெடுத்து அச்சைக் கண்டுபிடிக்கும் செருகுநிரல் உண்டு. துருவ நட்சத்திரம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, வானத்தில் எந்தப் பக்கமும் போதும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 13 பாகைக்கு அச்சைத் தாழ்த்தினால் சில மவுண்ட்களில் (கேமராவைத் தாங்கித் திருப்பும் தலைப்பகுதிகளில்) எடைச் சமநிலைக்கான கவுண்டர்வெயிட் தண்டு ட்ரைபாட் காலில் போய் இடிக்கும். வாங்குவதற்கு முன் இதைக் கேட்டே வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் இணையத்தில் சிங்கப்பூர்க்காரர்கள் புலம்புவதைத் தேடிப் படியுங்கள். அவர்கள் நம்மைவிடப் பாவம், ஒரு பாகை.

பிப்ரவரி 2

ஜனவரி 6-இல் எழுதிய கணக்கைத் திரும்பப் படித்தேன். கணக்கு சரி, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே ஃபில்டர் பக்கம் சாய்ந்திருக்கிறது. கலர் சென்சாரில் நாலில் ஒரு பிக்சல்தான் சிவப்பு. ஹைட்ரஜன் ஆல்ஃபா அந்தக் கால்வாசியில் மட்டும்தான் பதியும். அதோடு சாதாரண டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு கண்ணாடி இருக்கிறது. ஆட்களின் தோல் நிறம் இயல்பாக வரட்டும் என்று வைத்தது. அது 656-ஐயும் கால்வாசி அளவுக்குத்தான் விடும். அந்தக் கண்ணாடியை மாற்றிய கேமராவில்தான் ஃபில்டரின் முழுப் பலன். மாற்றாத கேமராவுக்கு விலை உயர்ந்த ஃபில்டர் போடுவதைவிட, முதலில் கேமராவின் அந்தக் கண்ணாடியை மாற்றிக்கொள்வதே மேல் என்று இப்போது தோன்றுகிறது. ஓரியன் மட்டும் விதிவிலக்கு, அது எதற்கும் வரும்.

பிப்ரவரி 8

சீஸ்டார் எஸ்50 பற்றிச் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஃபோனிலிருந்து இயக்கினால் தானே நெபுலாவைத் தேடிப் படமெடுக்கும் சின்னத் தொலைநோக்கி அது. "பட்டனைத் தட்டினால் படம் வருகிறது, இது ஒரு திறமையா?" தனிப்பட்ட முறையில் எனக்கு இதில் கோபமே இல்லை. 50 மி.மீ. வாய், 250 மி.மீ. குவியம், உள்ளேயே இரட்டை ஃபில்டர். ஏறுவதற்கு மாடியும் ஃபோனும் இருந்தால் போதும்.

திறமை வேறு இடத்தில் தேவைப்படுகிறது, எப்போது எடுப்பது என்பதில். இது மேலே கீழே, இடம் வலம் என்று திரும்பும் கருவி. வானம் சாய்வாகச் சுற்றுகிறது. அதனால் படம் மெதுவாகத் தட்டாமாலை சுற்றும். ஓரியன் நம் தெற்கில் உச்சிக்கு வரும்போது 71 பாகை உயரம். கணக்குப் போட்டால் அந்த நேரத்தில் மணிக்கு சுமார் 46 பாகை வேகத்தில் படம் சுழலும். லண்டனில் அதே ஓரியன் 33 பாகை உயரம்தான், சுழற்சி மணிக்கு 11 பாகை. நாலு மடங்கு வித்தியாசம். "ரிவ்யூவில் மூலை நட்சத்திரம் எல்லாம் வட்டமாக இருந்தது, எனக்கு மட்டும் கோடாக வருகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, காரணம் கருவி இல்லை, ஊர்.

ஓரியன் கிழக்கில் ஏறும்போது இந்தச் சுழற்சி மிகவும் குறைவு. ஜனவரியில் ஏழரையிலிருந்து எட்டரை. உச்சிக்கு வந்தபின் எடுப்பதுதான் நல்லது என்று புத்தகத்தில் இருக்கும், காற்று குறைவு என்று. உண்மைதான். ஆனால் இந்தக் கருவிக்கு, அதுவும் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு, ஏறும் நேரமே மேல். கிழக்கே கடல். அந்தப் பக்கம் தெருவிளக்கு போட யாரும் இல்லை.

பிப்ரவரி 21

"நிறம் நிஜமா?" இது வராமல் இழை முடியாது என்று எதிர்பார்த்தேன்.

கண்ணால் பெரிய தொலைநோக்கியில் ஓரியனைப் பார்த்தால் சாம்பல், சிலருக்கு லேசான பச்சை. மங்கலான ஒளியில் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, ஆக்சிஜன் கோட்டுக்குப் பக்கத்தில்தான் அதற்குக் கூர்மை அதிகம். அதற்காகச் சிவப்பு பொய் ஆகிவிடுமா? ஹைட்ரஜன் அங்கே ஒளிர்கிறது, சென்சார் அதைப் பதிகிறது. பொய் எங்கே நுழைகிறது என்றால், இரட்டை ஃபில்டர் படத்தை வைத்துக்கொண்டு நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது. இரண்டு ஜன்னல் வழியாக வந்த நட்சத்திர ஒளிக்கு நிறம் ஏது? அதனால் நான் ஃபில்டர் இல்லாமல் கொஞ்ச நேரம் எடுத்து நட்சத்திரங்களை மட்டும் அதிலிருந்து எடுத்து வைப்பேன். ஓரியனுக்கு அதோடு ஐந்து நொடி ஃபிரேம்களும் வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் நான்கு நட்சத்திரமும் வெள்ளைக் குழம்பாகிவிடும். இதை ஒட்டுவேலை என்று யாராவது சொன்னால் வாதாட மாட்டேன். என்னென்ன சேர்த்தேன் என்று படத்துக்குக் கீழே எழுதிவிடுவேன்.

மார்ச் 8

வெயில் தொடங்கிவிட்டது. சென்சார் சூடு சுமார் ஆறு பாகை செல்சியஸ் ஏறினால் அதன் உள்கசிவு இரட்டிப்பாகும். ஜனவரியில் எடுத்த டார்க் ஃபிரேமை இப்போது போட்டால் படத்தில் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுகள் மிச்சம் நிற்கும். புதிதாக எடுங்கள். குளிரூட்டும் கேமரா வைத்திருப்பவர்கள் மைனஸ் பத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அது வெளிச்சூட்டிலிருந்து 35 பாகை வரைதான் இறக்கும். பூஜ்யத்தில் வைத்தால் வருடம் முழுக்க ஒரே டார்க் போதும். உள்ளே இருக்கும் சிலிகா ஜெல்லை அடிக்கடி காயவையுங்கள், கடலோர ஈரப்பதத்துக்குச் சென்சார் கண்ணாடியில் பனி கட்டும்.

மார்ச் 28

நாளை அமாவாசை. இரவு பத்தரை தாண்டித் தெற்கே பாருங்கள், கரீனா நெபுலா. இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்குத் தலைக்கனம் வந்துவிடும். ஐரோப்பியர்கள் இதற்காக விமானம் ஏறி சிலி, நமீபியா போகிறார்கள். டெல்லியில் அடிவானத்தைத் தொட்டுவிட்டு மறையும். நமக்கு 17 பாகை உயரத்தில் வருகிறது. வானத்தில் ஓரியனைவிடப் பெரிது. நடுவில் ஈட்டா கரீனா, 1843 வாக்கில் கொந்தளித்துச் சில காலம் வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக இருந்தது.

17 பாகை என்றால் தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட மூன்று மடங்குக்கும் மேல் காற்று. வடபழனியிலிருந்து அந்தத் திசையில் தாம்பரம் வரைக்கும் விளக்கு. இருந்தும் ஃபில்டரோடு வந்தது. நெபுலாவைக் குறுக்கே வெட்டும் கறுப்புத் தூசுப் பட்டைகூடத் தெரிந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் நடுவே கோடு போட்டன. ஸ்டாக்கிங்கில் 'சிக்மா' தள்ளுபடி என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் அவை காணாமல் போகும். நிறைய ஃபிரேம் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஏப்ரல் 3

யாரோ "சென்னையில் வானியலா" என்று சிரித்திருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் 1792-இலிருந்து வானாய்வகம் இருந்தது ஐயா, இன்றைய வானிலை மையம் இருக்கும் அதே வளாகத்தில். பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, தமிழிலும் கல்வெட்டு உண்டு. அந்த வானாய்வகத்தை நடத்திய நார்மன் போக்சன் அங்கிருந்துதான் 1861-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து 'ஆசியா' என்று பெயர் வைத்தார். அவரிடம் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார், ஆர் ரெட்டிகுலி. அது நம் தெற்கில் 14 பாகைதான் ஏறும், என் கரீனாவைவிடக் கீழே. அவருக்கு எல்இடி இல்லை என்பது சரி, ஆனால் கொசு இருந்திருக்கும்.

காவலூருக்குப் போனால் இதெல்லாம் தேவையில்லையே என்கிறார்கள். ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து இயங்குகிறது, வானம் நம்மைவிட எவ்வளவோ மேல். கார்த்திகையின் நீலப் புகை, ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் தூசுக் கரங்கள் இவற்றுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். வாயு நெபுலாவுக்குப் போக வேண்டாம். வருடத்தில் ஒருநாள் மலைக்குப் போய் நாலு மணி நேரம் எடுப்பதைவிட, வீட்டு மாடியில் வாரம் இரண்டு நாள் எடுத்துச் சேர்ப்பதில் கிடைப்பது அதிகம்.

ஏப்ரல் 20

தம்பி டிராக்கர் வாங்கிவிட்டார். படம் நடுவில் வெளுத்து, ஓரத்தில் இருட்டாக, இடையில் பொரி பொரியாக வட்டங்கள். வட்டங்கள் சென்சார் தூசு. ஃபிளாட் ஃபிரேம், அதாவது ஓர இருட்டையும் தூசு வட்டத்தையும் சரிசெய்வதற்காகச் சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம், எடுக்கவில்லை, அதுதான். விடிகிற நேரம் வெளுத்த வானத்தை நோக்கி, லென்ஸ் மேல் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி, ஃபோகஸைத் தொடாமல் முப்பது ஃபிரேம். கேமராவைக் கழற்றிவிட்டு மறுநாள் எடுத்தால் பயன்படாது, தூசு இடம் மாறியிருக்கும்.

மே முதல் வாரத்தில் பின்னிரவு மூன்று மணி வாக்கில் லகூன் நெபுலா, எம்8, உச்சிக்கு வரும், 52 பாகை. ஜூலையில் சாயங்காலமே வரும், ஆனால் அப்போது மேகம் விடாது. அதனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாவது மே மாதமே முடித்துவிடுங்கள். பவர் பேங்க் முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள், கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கொசுவத்தியை ட்ரைபாடுக்குக் காற்று வரும் பக்கம் வைக்காதீர்கள். புகை நேராக லென்ஸுக்கு முன்னால்தான் போகும்.